மெதுவாக நடந்த நண்டுகள்

“நகரு. இன்னிக்கு நான்தான் விளையாடிக் காட்டப் போறேன்.”

மனைவி நாற்காலியை இழுத்துப் போட்டு, வந்த இடத்து அலுவலகக் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்ததும் அவன் அவசரமாகக் குறுக்கே வந்தான்.

“உனக்கு எதுக்கும்மா சிரமம்? நான் ஆடிக் காட்டறேனே...”

“நீ ஆடினா, உருவாக்கினவன் ஆடத்தானே செய்வான்னு நினைப்பாங்க. நான் படம் மட்டும் வரையறவ. நானே ஜெயிச்சா, யார் வேணும்னாலும் ஜெயிக்கலாம்னு புரியும் இல்ல?”

மேசைக்கு அந்தப் பக்கம் இருந்த அம்மாள் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே தலையாட்டினார். சின்னச் சின்ன வீடியோ கேம்களுக்கு முதல் போடுகிறவர். “அதுவும் சரிதான். ஆடுங்கம்மா, பார்ப்போம்.”

போச்சு, எல்லாம் போச்சு என்று நினைத்துக்கொண்டான் அவன்.

புருஷனும் பொண்டாட்டியும் பார்த்த வேலையை விட்டுவிட்டு, சாப்பாட்டு மேசையையே அலுவலகமாக்கி உருவாக்கிய விளையாட்டு. கூட்டைத் தொலைத்த ஒரு நத்தை, குழாய்களுக்குள் நண்டுகளிடமிருந்து தப்பித்துத் தப்பித்துத் தன் கூட்டைத் தேடிப் போக வேண்டும். படமெல்லாம் அவள், மற்றதெல்லாம் அவன். இதற்கு முன் பார்த்த இரண்டு நிறுவனங்களும் ஒரே பாட்டைத்தான் பாடின. “அழகா இருக்கு. ஆனா ரொம்பக் கஷ்டம். ஜனங்க பாதியிலேயே மூடி வெச்சிட்டுப் போயிடுவாங்க.” இங்கேயும் கைவிரித்துவிட்டால் நத்தையை மூட்டை கட்டிவிட்டு, திங்கட்கிழமை முதல் அவன் பழைய கம்பெனிக்கே திரும்ப வேண்டியதுதான். அங்கே பேசியும் ஆகிவிட்டது.

அந்தக் கவலை போதாதென்று இப்போது இது வேறு.

விஷயம் இதுதான். முதன்முதலில் விளையாடிப் பார்த்த அன்று நண்டிடம் மாட்டி மாட்டி வெறுத்துப்போன அவள், மௌஸைத் தூக்கிக் கடாசிவிட்டு, “நீயாச்சு, உன் நத்தையாச்சு” என்று எழுந்து போய்விட்டாள். மனுஷனுக்குத் தாங்கவில்லை. அவளுக்குத் தெரியாமல், அவளுடைய கம்ப்யூட்டரில் மட்டும் ஒரு வேலை செய்து வைத்தான். பட்டனைப் படபடவென்று தட்ட ஆரம்பித்தால் ஆளுக்குக் கோபம் வருகிறது என்று விளையாட்டே புரிந்துகொள்ளும். உடனே நண்டுகளின் நடை தளரும். கோபம் தணிந்ததும் பழைய வேகம்.

அதற்கப்புறம் அவள் தோற்றதே இல்லை. “இதைப் போய் கஷ்டம்னு சொல்றாங்களே, இவங்க கை என்ன கையா, அகப்பையா?” என்று அந்த இரண்டு நிறுவனங்களையும் வாய் வலிக்கத் திட்டியவளும் அவள்தான். அவனும் பக்கத்தில் நின்று ஆமாம் போட்டிருக்கிறான்.

இங்கே இருப்பதோ அசல் நண்டுகள்.

முதல் குழாயைத் தாண்டுவதற்குள் நத்தை காலி.

“கை வழுக்கிடுச்சு” என்றாள். மறுபடி ஆரம்பித்தாள். மறுபடியும் காலி. அடுத்த முறை நத்தை நேராக நண்டின் கொடுக்குக்குள்ளேயே போய் உட்கார்ந்துகொண்டது.

“என்ன இது அநியாயம்! வீட்டுல இந்த இடத்தைக் கண்ண மூடிக்கிட்டுத் தாண்டுவேனே!” படபடவென்று பட்டனைத் தட்டினாள். எந்த நண்டும் இரக்கம் காட்டவில்லை. சட்டென்று அவன் பக்கம் திரும்பினாள். “இங்க ஏதாவது மாத்தி வெச்சியா?”

அம்மாள் பெருமூச்சு விட்டார். “கஷ்டமாத்தான் இருக்கும் போல. தப்பா நினைக்காதீங்க தம்பி...”

இனி மறைத்து என்ன ஆகப்போகிறது?

“மாத்தினது இங்க இல்லம்மா, வீட்டுல” என்றான் மனைவியைப் பார்க்காமல். மௌஸ் பறந்த கதையில் தொடங்கி எல்லாவற்றையும் கொட்டித் தீர்த்தான். அவள் குனிந்த தலை நிமிரவே இல்லை.

அம்மாள் கண்ணாடியை மாட்டிக்கொண்டு அவனை உற்றுப் பார்த்தார். “இத ஏன் தம்பி யார்கிட்டயும் சொல்லல?”

“கள்ளாட்டம் மாதிரி ஆயிடுமேன்னு கூச்சம். அதோட இவளுக்குத் தெரிஞ்சா மனசு விட்டுப்போயிடும்...”

“அட நீங்க ஒண்ணு! கோபம் வருதுன்னு தெரிஞ்சு விட்டுக்கொடுக்கற விளையாட்டா? எங்க வீட்டுக்காரருக்கே இத்தனை வருஷத்துல அது வரலையே!” என்று அம்மாள் மேசையைத் தட்டிச் சிரித்தார். “அத எல்லாருக்கும் வைங்க. முதல் நான் போடறேன்.”

படியிறங்கித் தெருவுக்கு வந்ததும் அவள் விடுவிடுவென்று முன்னால் நடந்தாள். கிடைத்த சந்தோஷத்தைக் கொண்டாடவும் முடியாமல் அவன் பின்னாலேயே நடந்தான். பேருந்து நிறுத்தத்தில் நின்றதும் மெல்லக் கேட்டான்.

“கோவமா?”

“எதுக்கு?”

“இத்தனை நாளா உன்னை ஏமாத்திட்டேன்ல.”

“ஏமாத்தினாராம்! ஒருநாள் என் கம்ப்யூட்டர் மக்கர் பண்ணுதேன்னு உன்னோடதுல ஆடினேன். அப்பவே குட்டு உடைஞ்சிடுச்சு. அப்புறம் நீ வெளிய போற நேரமெல்லாம் அதுலயே ஆடி ஆடி, அசல் நண்டுங்களையும் தாண்டிக் கூட்டை எடுத்தாச்சு.”

“அப்போ... என்கிட்ட ஏன் ஒரு வார்த்தை சொல்லல?”

“சொன்னா அந்த மெதுநடை நண்டுங்கள எடுத்துடுவியே. எனக்காக நீ செஞ்சது, எனக்குப் பிடிச்சிருந்துச்சு.”

“சரி, இப்ப மேல அந்த அம்மா முன்னாடி...?”

“நீ செஞ்ச நல்லத நீயா வாயத் திறந்து சொல்ற ஆளா?” என்று அவன் கையைப் பிடித்துக்கொண்டாள் அவள். “தோக்கறதுக்குள்ள எனக்கு உயிர் போயிடுச்சு. எந்த நண்டு எங்க வரும்னு மனப்பாடம் ஆனதால கை தானா தப்பிச்சுத் தொலைக்குதுப்பா!”