நாலாவது மூச்சு

புது வீட்டுக்குக் குடிவந்த கிளமென்ட் மூட்டைமுடிச்சைக்கூடப் பிரிக்கவில்லை. பவளத்தொட்டியை எங்கே வைப்பது என்றே அலைந்தான். கடலில் பவளம் அற்றுப்போனதிலிருந்து, வீட்டில் வளர்ப்பவர்களுக்குத் தூத்துக்குடியில் தனி மரியாதை. மின்வெட்டுகூடக் கிடையாது.

அனுமதி தர வந்த பவளத்துறை அதிகாரி கூடத்தைச் சுற்றிப் பார்த்தார். "வீடு சின்னது சார். நீங்க விடுற மூச்சு தண்ணியில கலந்து பவளத்தை அரிச்சிடும். மூணு பேர் இருக்கலாம், நாலு பேர் ஆகாது."

கிளமென்டுக்கு உள்ளூரச் சந்தோஷம். வேலைவெட்டியில்லாமல் ஒட்டிக்கொண்டிருந்த மச்சான் ரெமிஜியுஸை விரட்ட வழி பிறந்துவிட்டது. "இவன்தான் மேடம். தூங்குறப்போ துருத்தி மாதிரி இழுப்பான்."

"அளந்துடுவோம். எல்லாரும் வழக்கம்போல இருங்க" என்று அதிகாரி ஆளுக்கொரு கருவியை மூக்கில் மாட்டினார். ரெமிஜியுஸ் சோபாவில் கண்ணை மூடினான். மகள் படித்தாள். மனைவி ஜெசிந்தா துணிகளை மடித்தாள். கிளமென்ட் மட்டும், தொட்டிக்கு எந்த வெளிச்சம், எவ்வளவு உப்பு, எப்படி அலையடிக்க வேண்டும் என்று அதிகாரிக்கே மூச்சுவிடாமல் பாடம் நடத்தினான்.

அதிகாரி கருவிகளைப் பார்த்தார். "நீங்கதான் சார் போகணும்."

கிளமென்ட் மனைவியைப் பார்த்தான். "பவளம் பாவம்ங்க" என்று ஜெசிந்தா அவன் தலையணையை எடுத்துக் கொடுத்தாள்.

இப்போது அவனுக்கு மொட்டைமாடிக் கொட்டகைதான். சாயங்காலமானால் இறங்கிவந்து ஜன்னலில் முகம் பதித்து, "நீலப் பவளம் விரிஞ்சிருக்கா?" என்று கேட்பான்.

"நல்லா இருக்கு. தள்ளி நின்னு பேசுங்க" என்று சொல்லி ஜெசிந்தா ஜன்னலைச் சாத்துவாள்.