நடுங்கும் கம்பி

மின்விசிறி பழுதுபார்க்கும் சின்னப் பட்டறையில், பழைய கதவுப் பலகையை அறுத்து டென்சிங் ஒரு எலெக்ட்ரிக் கிடார் செய்துகொண்டிருந்தார்.

"சத்தம் வரலைன்னா, இந்தக் கம்பியைக் கழற்றிக் காலண்டர் மாட்டிடுவேன்" என்றார். அதைக் கேட்டதிலிருந்து மெல்லிய கம்பிக்கு ஒரே நடுக்கம்.

சுவரில் தொங்கிய பழைய கிடார் சிரித்தது.

"வயிறே இல்லாத பலகையில உட்கார்ந்துகிட்டு உனக்குப் பாட்டு வேறயா? கொசுகூட உன்னைவிடச் சத்தமாப் பாடும்டி. பேசாம காலண்டரைப் பிடிச்சுக்கிட்டு கௌரவமாத் தொங்கு. முதல்ல அந்த நடுக்கத்தை நிறுத்து!"

கம்பி மூச்சை அடக்கி விறைத்துக்கொண்டது. டென்சிங் மீட்டிப் பார்த்தார். ஒன்றும் கேட்கவில்லை.

அடியில் காந்தத்தைச் சுற்றியிருந்த செம்புச் சுருள் பதறியது. "ஐயோ, நிறுத்தாதே! எனக்கு வேண்டியதே உன் நடுக்கம்தான். எவ்வளவு நடுங்குறியோ, அவ்வளவையும் ஸ்பீக்கருக்கு அனுப்பிடுறேன்."

டென்சிங் மறுபடி மீட்டினார். கம்பி இத்தனை நேரம் அடக்கியதையெல்லாம் சேர்த்து நடுங்கியது. ஸ்பீக்கர் அலறியது. மேஜையிலிருந்த திருகாணிகள் குதித்தன.

"அடியே, போதும்! உனக்குப் பயமே இல்லையா?" என்று கத்தியது பழைய கிடார்.

"பயமாத்தான் இருக்குக்கா" என்றது கம்பி. "நீங்க காதைப் பொத்திக்கோங்க."