சாட்டை இல்லாதவர்

"அடிக்கவே மாட்டாராம்டி. மனுஷங்களை விடு, குதிரையைக்கூட அடிச்சதில்லையாம்!"

அக்கா காதருகே கிசுகிசுத்தபடி தங்கையை லாயத்துக்குள் தள்ளிக்கொண்டு போனாள். ஈர வைக்கோலும் எண்ணெய் பூசிய தோல்வாரும் கலந்த வாடை மூச்சை அடைத்தது. உடைந்து கோணலாகவே கூடியிருந்த தங்கையின் இடது மணிக்கட்டு காலையிலிருந்து விண்விண் என்று தெறித்தது. பழைய கணவன் விட்டுப்போன ஒரே சொத்து அது.

"இன்னொரு தடவை தப்பாப் போச்சுன்னா நான் மட்டும் இல்லக்கா, என் பொண்ணும் சேர்ந்து அடி வாங்குவா."

"அதுக்குத்தானே அவர் வேலை செய்ற இடத்துக்கே கூட்டிட்டு வந்திருக்கேன்? பொண்ணு பார்க்க வீட்டுக்கு வரும்போது எல்லா ஆம்பளையும் பசுதான். வேலையில பாரு, சாயம் வெளுத்துடும். பார்த்துட்டு இன்னிக்கே ஒரு பதிலைச் சொல்லு."

பளீர்!

தங்கை துள்ளி அக்காவின் முதுகுக்குப் பின்னால் ஒளிந்தாள். பக்கத்து மைதானத்தில் தூண் மாதிரி ஒரு ஆள் நீளச் சாட்டையைத் தரையில் சொடுக்கிக்கொண்டிருந்தான்.

"ஏ எருமை! திங்கிறது மலையளவு, நடக்கிறது நத்தையாட்டம்! நட, சனியனே!"

"அக்கா... இவரா?"

"சீ! இது கூட வேலை செய்யற ஆளு. வாயைத் திறந்தா ஊரே கூடிடும். நம்ம ஆளு அதோ."

கடைசிக் கொட்டிலின் முன்னால் அவர் நின்றிருந்தார். வெள்ளைச் சட்டை, அதில் ஒரு வைக்கோல் துரும்புகூட இல்லை. கையில் சாட்டையும் இல்லை.

"வாங்க, வாங்க. பயப்படாதீங்க."

குரல் பஞ்சு போல இருந்தது. கொட்டிலுக்குள் ஒரு செம்பழுப்புக் குதிரை. முகம் மட்டும் பால்வெள்ளை. கண்கள் நீலம், யாரோ வானத்திலிருந்து இரண்டு துண்டு நறுக்கி ஒட்டிவிட்டதைப் போல.

"வந்த புதுசுல யாரையும் கிட்ட விடாதுங்க. ஒருத்தர் தோளையே கடிச்சுடுச்சு. சாட்டையால அடிங்கன்னாங்க எல்லாரும். எனக்கு மனசு வருமா? பேசிப் பேசியே வழிக்குக் கொண்டுவந்தேன். பாருங்க." அவர் குதிரையின் பக்கம் திரும்பினார். "கண்ணு, பின்னாடி போ."

குதிரை பின்வாங்கியது, அடி அடியாக, சுவரில் பின்பக்கம் முட்டும் வரை.

"நில்லுடா தங்கம்."

நின்றது. தலையைத் தாழ்த்தி, இமைக்காமல், அவரையே பார்த்தபடி சிலையாக நின்றது. அவர் வலது கை இடுப்பு பெல்ட்டின் மேல், பஸ்ஸுக்குக் காத்திருப்பவரின் கையைப் போல, சும்மா கிடந்தது.

அப்போது மைதானத்தில் தகர வாளி ஒன்று எகிறி விழுந்து கடகடவென்று உருண்டது. சாட்டைக்காரன் கால் இடறியிருக்க வேண்டும். கெட்ட வார்த்தை ஒன்றும் கூடவே உருண்டு வந்தது. லாயம் முழுக்கக் குதிரைகள் மிரண்டு பலகையை உதைத்தன. அக்காவே நெஞ்சில் கை வைத்துக்கொண்டாள்.

வெள்ளை முகக் குதிரைக்கு மட்டும் காதுகூட அசையவில்லை.

"பார்த்தியாடி? பயம்னா என்னன்னே தெரியாம வளர்த்திருக்கார்!"

தங்கையின் மனக்கண்ணில் ஒரு காட்சி விரிந்தது. ஒரு வீடு. அதில் மகள் கைதவறித் தட்டைப் போட்டு உடைக்கிறாள். யாரும் நடுங்கவில்லை.

"சரிக்கா," என்றாள்.

அக்காவுக்குத் தலைகால் புரியவில்லை. "எங்க வீட்டுக்காரருக்கு இப்பவே போன் போட்டுச் சொல்லிடலாம் வாங்க," என்று வெள்ளைச் சட்டைக்காரரை ஆபீஸ் அறைக்கு அழைத்துக்கொண்டு ஓடினாள்.

தங்கை தனியாக நின்றாள். வியர்வையைத் துடைத்தபடி சாட்டைக்காரன் வந்தான். கயிறு இல்லாமலே அவன் குதிரை பின்னால் வந்து, அவன் கால்சட்டைப் பைக்குள் மூக்கை நுழைத்தது.

"விடு கழுதை! கேரட் எல்லாம் தீர்ந்துபோச்சு. என்னையே தின்னுடுவே போல!"

தங்கைக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கொஞ்சம் தைரியமும் வந்தது. "நீங்க போட்ட சத்தத்துல எல்லாக் குதிரையும் மிரண்டுடுச்சு. இது மட்டும் அசையவே இல்ல. அவர் அன்பாப் பேசியே பழக்கியிருக்கார்."

"பேசியா?" அவன் அவளை விசித்திரமாகப் பார்த்தான். "அதுக்குக் காது கேக்காதும்மா. பொறந்ததுலேர்ந்தே. வெள்ளை மூஞ்சி, நீலக் கண்ணுன்னு பொறக்கறதுல சிலது இப்படித்தான் செவிடாயிடும். இடியே விழுந்தாலும் திரும்பாது."

"இல்லையே... பின்னாடி போன்னார், போச்சே? நில்லுன்னார், நின்னுச்சே?"

அவனுடைய குரல் முதல் தடவையாகத் தாழ்ந்தது. "அதுதான் எனக்கும் புரியலை. அவர் உள்ளே போனா கதவைச் சாத்திக்குவார். என்ன செய்வார்னு யாரும் பார்த்ததில்ல."

தங்கை கொட்டிலுக்குள் பார்த்தாள். குதிரை இன்னும் சுவரோடு ஒட்டித்தான் நின்றிருந்தது. திடீரென்று அதன் தோல் அலையலையாய்ச் சிலிர்த்தது. நீலக் கண்கள் அவளைத் தாண்டி, அவள் முதுகுக்குப் பின்னால், இடுப்பு உயரத்தில் எதன்மீதோ நிலைத்தன.

"என்னம்மா, இங்கேயே நின்னுட்டீங்க? உள்ளே வாங்க," என்றது பஞ்சுக் குரல்.

அவள் திரும்பினாள். அவர் முகத்தைப் பார்க்கவில்லை. குதிரை பார்த்த இடத்தைப் பார்த்தாள். பெல்ட்டின் கொக்கியை, ஒரு சத்தமும் இல்லாமல், அவருடைய வலது கை மெல்லத் தட்டிக்கொண்டிருந்தது.