டாஷ்போர்டின் மறுபக்கம்

"போயும் போயும் இவர் கையிலயா எங்கப்பா வண்டியக் குடுத்தீங்க?"

பட்டறைக்குள் நுழைந்ததும் அவள் போட்ட சத்தத்தில், முதலாளி தேநீரைப் பாதியில் வைத்துவிட்டு ஓடி வந்தார். வண்டிக்குள் மல்லாந்து படுத்து, டாஷ்போர்டுக்கு அடியில் தலையைக் கொடுத்திருந்த முதியவர் மட்டும் அசையவில்லை. கழற்றிய ஸ்டியரிங் பின்சீட்டில் கிடந்தது.

"கோவப்படாதீங்கம்மா. அம்பது வருஷத்து மர டாஷ்போர்டு. வேற எவன் கை வச்சாலும் விரிசல் விட்டுடும். இவரு ரெண்டு வருஷமா இங்க இருக்காரு, ஒரு திருகு காணாமப் போனதில்ல. இவர உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியாம என்ன? எங்கப்பா கூடப் பிறந்த தம்பி."

"அடடே, சித்தப்பாவா!"

"அந்த உறவு அறுந்து முப்பத்திரண்டு வருஷம் ஆச்சு."

அவளுடைய அப்பா ஒரு கம்பெனியில் இந்த வண்டிக்கு ஓட்டுநராக இருந்தவர். சித்தப்பா அதே கம்பெனியின் ஷெட்டில் மெக்கானிக். விடுமுறை நாள்களில் யாரோ இந்த டாஷ்போர்டைக் கழற்றி, ஓடிய தூரம் மீட்டரில் ஏறாதபடி கேபிளைப் பிடுங்கிவிட்டு, வண்டியை வெளியாருக்கு வாடகைக்கு ஓட்டியது ஒருநாள் அம்பலமாயிற்று. விசாரணை முழுதாகத் தொடங்குவதற்கு முன்பே சித்தப்பா எழுந்து, "நான்தான்" என்றார். வேலை போயிற்று. "இனி என் வாசற்படியை மிதிக்காதே" என்று ஊரறியத் தம்பியைத் துரத்திய அப்பா, அப்பழுக்கற்றவர் என்று பெயரெடுத்து, ஓய்வுபெற்ற நாளில் இதே வண்டியைப் பரிசாகப் பெற்றார். இப்போது அவர் இல்லை. அடுத்த மாதம் கம்பெனியின் பொன்விழாவில், புதுப்பித்த வண்டி அவருடைய படத்தோடு முன்வாசலில் நிற்கப் போகிறது. 'நேர்மையின் அடையாளம்' என்ற பலகைகூடத் தயாராகிவிட்டது.

"இந்த டாஷ்போர்டு இதுவரைக்கும் ஒரே ஒரு தடவைதான் கழண்டிருக்கு" என்றாள் முதலாளியிடம். "அந்தத் திருட்டுக்காகக் கழட்டினது. அதுக்கப்புறம் எங்கப்பா ஒருத்தரையும் இதுகிட்ட அண்டவிட்டதில்ல. கடைசியில திருடன் கையிலயே சாவியக் குடுத்திருக்கீங்க!"

முதலாளி தலையைச் சொறிந்தார். "பாதி கழட்டியாச்சும்மா. இன்னிக்கு முடிக்கட்டும். அப்புறம் நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க, நாளையிலேர்ந்து வரவேண்டாம்னு அனுப்பிடறேன். எனக்குப் பட்டறைப் பேருதான் முக்கியம்."

வண்டிக்குள்ளிருந்து குரல் வந்தது. "அம்மாடி, தூசி பறக்கும். நீ வெளியில போய் உக்காரு."

"எதுக்கு? மறுபடி மீட்டர்ல கை வைக்கவா? நான் இந்த இடத்த விட்டு நகரமாட்டேன்."

"சரி, வச்ச கண்ணு வாங்காமப் பாரு."

அவர் எழுந்து உட்கார்ந்து, எட்டிய ஒயர்களை ஒவ்வொன்றாகக் கழற்றினார். நிறம் மங்கிய ஒயர்கள். எது எதற்குரியது என்று பின்னால் குழம்பக்கூடாது. ஆகவே ஒவ்வொன்றிலும் வெள்ளை டேப் ஒட்டிப் பெயர் எழுதினார்: ஹாரன், வைப்பர், விளக்கு.

"திருட்டுக் கைக்கு எழுத்து மட்டும் முத்து முத்தா இருக்கு."

"எட்டாவது வரைக்கும் போனவன்ம்மா நான். அண்ணன்தான் மூணாவதோட பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டுட்டாரு."

"எங்கப்பாவப் பத்தி உங்க வாயால பேசாதீங்க!"

அவர் திருப்புளியை எடுத்தார். கடைசித் திருகும் கழன்றது. பலகையை மார்போடு அணைத்து மெல்லத் தம் பக்கம் சாய்த்தவர், அதன் மறுபக்கத்தைக் கண்டதும் சட்டென்று பழைய இடத்திலேயே தள்ளப் பார்த்தார்.

"என்னத்த மறைக்கிறீங்க?" அவள் பாய்ந்து பலகையைப் பிடித்துக்கொண்டாள். "முதலாளி, இங்க வாங்க! என்னமோ இருக்கு!"

முதலாளி விளக்கடித்துப் பார்த்தார். மீட்டருக்குப் பின்னால் இருந்த ஒயர்களிலும் பெயர்கள் ஒட்டியிருந்தன. புண்ணுக்குப் போடும் பிளாஸ்திரியைத் துண்டு துண்டாக நறுக்கி, பேனாவால் எழுதி ஒட்டியவை, பழுப்பேறியிருந்தன. அவர் ஒன்றைப் பிய்த்துப் படித்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார்.

"'விழக்கு'! அட மகராசா, 'ள' போடற இடத்துல 'ழ' போட்டிருக்கானே! திருடறதுக்கு முன்னாடி நாலு எழுத்து ஒழுங்காப் படிச்சிருக்கக் கூடாதா? பெரியவரே, யாரு எழுத்து இது?"

அவள் அந்தத் துண்டை முதலாளி கையிலிருந்து வாங்கிப் பார்த்தாள். பிறகு, சித்தப்பா சற்றுமுன் ஒட்டிய வெள்ளை டேப்பைப் பார்த்தாள். அதில் 'விளக்கு' என்றுதான் இருந்தது.

சித்தப்பா அன்று முதன்முறையாக அவள் முகத்தை நிமிர்ந்து பார்த்தார்.

"என்னோடதுதான்" என்றார். "அவசரத்துல எழுதினது. அம்மாடிக்கு அப்ப ஏழு வயசு. அதுக்கு ஒண்ணும் தெரியாது."

"சரியாப் போச்சு" என்று முதலாளி கையைத் தட்டிக்கொண்டார். "நீங்க சொல்லுங்கம்மா. வச்சுக்கவா, அனுப்பிடவா?"

அவள் பிளாஸ்திரித் துண்டை உருட்டிக் கைப்பைக்குள் போட்டு மூடினாள்.

"அதான் அவரே ஒத்துக்கிட்டாரே, அப்புறம் என்ன கேள்வி? அனுப்பிடுங்க" என்றாள், அப்பா கைபிடித்து எழுதக் கற்றுக்கொடுத்த அதே 'விழக்கு'க்காக, ஏழு வயதில் வகுப்பில் பிரம்படி வாங்கியவள்.