டேப் நிரம்பிவிட்டது

"டேப்புல முக்கால்வாசி காலியா இருக்கு. நிரம்பிடுச்சுங்கிறியே, என்னம்மா விளையாடுறியா?" என்று மேனேஜர் எகிறினார். ஆபீஸ் கம்ப்யூட்டர்களில் உள்ள கணக்கு முழுவதையும் அன்றே டேப்பில் நகலெடுத்துத் தலைமையகத்துக்கு அனுப்பியாக வேண்டும்.

"இடம் இருக்கு சார். ஆனா ஒரு டேப்புக்கு இத்தனை ஃபைல்தான்னு ஒரு கணக்கு இருக்கு, அதுக்கு மேல நம்ம சாஃப்ட்வேர் எழுதாது. யாரோ குட்டிக் குட்டி ஃபைலா லட்சக்கணக்குல குவிச்சிருக்காங்க. மூட்டையா கட்டி எல்லாத்தையும் ஒரே ஃபைலா ஆக்கிட்டா ஏறிடும்" என்றாள் டேப் பிரிவுப் பெண்.

கட்டினாள். ஏறிவிட்டது. மேனேஜருக்குப் போன உயிர் திரும்பி வந்தது. கூடவே கோபமும் வந்தது.

"இவ்வளவு குப்பையைக் கொட்டின புண்ணியவான் யாரு? பேரைச் சொல்லு, இன்னைக்கே சீட்டைக் கிழிக்கிறேன்!"

"அதான் வேலை முடிஞ்சிருச்சே, விடுங்க சார்."

"முடியாது. மூட்டையைப் பிரி!"

அவள் தயங்கித் தயங்கி ஒரு ஃபைலைத் திறந்தாள்.

'தேவையில்லாத ஃபைல்களைச் சேர்க்காதீர்கள். இப்படிக்கு, மேனேஜர்.'

அடுத்ததும் அதேதான். அதற்கடுத்ததும் அதேதான்.

"மணிக்கொரு தடவை எல்லாருக்கும் அனுப்புறீங்களே சார், அதான்..." என்று இழுத்தாள்.

மேனேஜர் தன் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். சற்று நேரத்தில் ஆபீஸிலிருந்த எல்லா கம்ப்யூட்டர்களும் ஒன்றாகக் கிணுகிணுத்தன.

'நான் அனுப்பிய அறிவிப்புகளை உடனே அழிக்கவும். இப்படிக்கு, மேனேஜர்.'