பெட்டி நிறையக் கத்தி

ஞாயிற்றுக்கிழமை மாலை ஐந்து மணிக்குப் பெண் வீட்டார் முதன்முதலாக வீடு பார்க்க வருகிறார்கள். அதற்குள், மகன் யுகேந்திரன் ஆசை ஆசையாகச் சேர்த்த நாற்பது கத்திகளும் வீட்டைவிட்டுப் போயாக வேண்டும். செமோர் ஊரிலிருந்த தம் வீட்டின் கேட்டுக்கும் கூடத்துக்குமாக நடந்துகொண்டிருந்தார் பொன்னுரங்கம். தொலைபேசியில் பேசிய ஈப்போ கத்திப் பிரியர் அவற்றை எடுத்துப்போக நாலு மணிக்கு வருவதாகச் சொல்லியிருந்தார்.

நாலுக்குச் சரியாக ஒரு கார் வந்து நின்றது. இறங்கியவர் கைகூப்பினார்.

“வாங்க, வாங்க! உங்களுக்காகத்தான் காத்திருக்கேன்” என்று கத்திப் பெட்டியைத் திறந்து அவர் முன்னால் தள்ளினார் பொன்னுரங்கம். “சும்மாவே எடுத்துக்கிட்டுப் போங்க.”

வந்தவர் திகைத்தார். பிறகு ஒரு மடக்குக் கத்தியை விரித்துப் பார்த்தார். முகம் மலர்ந்தது.

“அடடா, ஒரு பொட்டுத் துரு இல்ல! பையன் பொறுமைசாலி லா. இதுக்கு ஜோடி எங்கிட்ட இருக்கு, பாருங்க” என்று தம் பையிலிருந்தும் ஒன்றை எடுத்தார்.

“பொறுமையாவது! டுரியான் பழத்துக்கு ஒண்ணு, தேங்காய்க்கு ஒண்ணு, பாக்கெட்டுக்கு ஒண்ணு. எங்க பரம்பரை மானமே போகுது. சீக்கிரம் கிளம்புங்கண்ணே, பொண்ணு வீட்டுக்காரங்க வந்துருவாங்க.”

“வந்தா என்ன லா?”

“நல்லா கேட்டீங்க! கத்திக்காரனுக்கு எவன் பொண்ணு கொடுப்பான்?”

காரிலிருந்து ஓர் அம்மாள் பழத்தட்டோடு இறங்கினார்.

“அஞ்சு மணி ராகு காலமாச்சேன்னு முன்னாலேயே வந்துட்டோம், சம்பந்தி” என்றார் வந்தவர். “நான் கொடுப்பேன்.”