மூடிவைத்த முழங்கை

அவள் இடது முழங்கையை நீட்டினாள்.

"இதை மூடிருங்க, டாக்டரம்மா."

சோரியாசிஸ். இரண்டு கைகளிலும் முதுகிலும் செதில் செதிலாகப் படர்ந்திருந்தது. வாரம் மூன்று முறை புறஊதா ஒளிப் பெட்டிக்குள் நிற்க வேண்டும். ஒளி படும் தோல் ஆறும்.

படாத தோல்?

அதைத்தான் டாக்டர் நஸ்ரின் ஆராய்ந்துகொண்டிருந்தார். சொந்தத் தோலையே தாக்கும் எதிர்ப்பு அணுக்கள் ரத்தத்திலும் அடங்குகின்றனவா என்று பார்க்க வேண்டும். அதற்கு ஓரிடத்தை மட்டும் கறுப்புத் துணியால் மூடி வைப்பார்கள்.

"சேலைக்குள்ள மறையுற இடமா சொல்லுங்கக்கா" என்றார் டாக்டர்.

ஜவுளிக்கடையில் சேலையைத் தன் கைமேல் விரித்துக் காட்டுவது அவள் வேலை. செதிலைக் கண்டதும் கிடங்குக்கு அனுப்பிவிட்டார்கள். கை தெளிந்தால்தான் மறுபடி விற்பனைக்கு.

"இருக்கிறதுலயே இதுதான் பழசு. பிடிவாதமும் இதுக்குத்தான். இது மசிஞ்சாத்தான் உள்ள அடங்கிருக்குன்னு நம்பலாம்."

டாக்டர் அவளைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

நானும்.

ஒப்பிட்டுப் பார்க்க, நோயில்லாதவர்களின் ரத்தமும் வேண்டுமாம். டாக்டர் என் பக்கம் திரும்பினார்.

"என் வீட்டுக்காரரா? எறும்பு கடிச்சாலே கட்டுப் போடுற ஆளு."

சிரித்தபடி கறுப்புக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பெட்டிக்குள் போனாள். கதவிடுக்கில் நீல வெளிச்சம் கசிந்தது.

மழைக்காலம் முடிவதற்குள் கைகள் தெளிந்துவிட்டன.

முழங்கை மட்டும் ஓரங்களில் லேசாக வெளுத்து, அப்படியே நின்றது.

அதோடுதான் கடைக்குப் போனாள். ரவிக்கையின் கையை நீளமாகத் தைத்துக்கொள்ளச் சொன்னார் மேலாளர்.

"வர்றவங்க பட்டுச் சேலையைப் பாக்க வர்றாங்க சார். என் முழங்கையையா பாக்க வர்றாங்க?"

அன்றைக்குப் பட்டு நன்றாகவே போனது.

கடைசி முறை ரத்தம் எடுக்க வேண்டிய நாளில் நான் தனியாகப் போனேன்.

டாக்டர் எனக்குப் பின்னால் கதவைப் பார்த்தார்.

"மாரடைப்பு" என்றேன். "போன மாசம்."

அவள் பெயர் எழுதிய குழாயை அவர் மெல்ல எடுத்து ஓரமாக வைத்தார்.

"நோயில்லாதவங்க ரத்தம் இன்னும் வேணுமாம்மா?"

சட்டைக் கையை முழங்கைக்கு மேல் மடித்தேன்.

ஊசியைப் பார்க்கவில்லை. ஒளிப் பெட்டியின் கதவையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

இடுக்கில் நீல வெளிச்சம்.

உள்ளே யாரோ நின்றுகொண்டிருந்தார்கள்.